திண்ணைப் பேச்சு: கையில் அடங்கும் இரும்பு

திருத்தணி மலையடிவாரத்தில் சங்கீதத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எவருக்கும் கூச்சம் கிடையாது. ஸ்ரீ முத்துஸ்வாமி தீக்ஷிதர் தமது முதல் கீர்த்தனத்தை மாயாமாளவகௌள ராகத்தில் இந்த மலையின்மேல் பாடினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர் வாயில் கற்கண்டு இட்ட பெரியவர் யார் என்பதையும் இவ்வூர்க் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அப்பேர்ப்பட்ட ஊரில் இருபது வருஷமாகப் பௌதிகம் கற்பித்துக்கொண்டு காலம் தள்ளும் நாமும், கேட்டவருக்கும் கேளாதவருக்கும் சங்கீத யோசனை வழங்கியே வந்திருக்கிறோம். அவற்றுள் ஒரு யோசனை ஒரு பெண் குழந்தையின் மணிக்கட்டை வீங்க வைத்துவிட்டது. இந்த வாரம் அந்தக் கதையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருக்கிறோம்.

நம் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் பெரும்பகுதியை வங்காளத்துக் கரக்பூரில் கழித்தவர். கரக்பூர் ரயில்வே பட்டறையை நம்பித் தெலுங்கரும் தமிழரும் அந்நாளில் குடும்பம் குடும்பமாகப் போய்க் குடியேறியது பலருக்குத் தெரிந்திருக்கும். நம் நண்பருடைய பேச்சில் தெலுங்கும் தமிழும் கலந்து வரும். கோபம் வந்தால் வங்காளியும் சேர்ந்துகொள்ளும். 1960-ஆம் வருஷம் வரையில் ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவோடு இருந்த ஊர் இது. ஆதலால் இங்கே அந்தக் கலப்பு ஒருவர் காதுக்கும் உறுத்துவதில்லை. நம்மை அவர் "மாஸ்டாரு" என்றுதான் அழைப்பார்.

ஊர் திரும்பியபோது அவர் கொண்டுவந்த சொத்து இரண்டு. ஒன்று, கல்கத்தாவில் வாங்கிய ஹவாய்க் கிடார். மற்றொன்று, அதை வாசிக்கும் எஃகு உருளை. கிடாராவது பெட்டியில் தூங்கும். உருளையோ சதா அவருடைய சட்டைப் பையில் இருக்கும். பை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தொங்குவதைப் பார்த்து, "தாத்தா பையிலே திருநீற்றுச் சம்புடமா?" என்று கேட்காத குழந்தை எங்கள் தெருவில் கிடையாது.

ஹவாய்க் கிடாரை அறியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரணக் கிடாரை மார்போடு அணைத்து, இடது கை விரல்களால் தந்தியை மெட்டுக்களின்மேல் அழுத்தி வாசிப்பார்கள். இதையோ மடியில் மல்லாக்கக் கிடத்தி, தந்திகளை மெட்டில் படாதபடி உயரத் தூக்கிக் கட்டி, இடது கையில் உலோக உருளை ஒன்றைப் பிடித்துத் தந்தியின்மேல் வழுக்கி வாசிக்க வேண்டும். மெட்டுக்கு மெட்டு தாவுவதற்குப் பதில் நாதம் இழைந்து இழைந்து செல்லும். நம்மவர்களுக்கு இது புதிதா என்றால், இல்லவே இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த சங்கீத ரத்னாகரம், ஏகதந்திரி வீணையை மூங்கில் துண்டால் வழுக்கி வாசிக்கும் முறையைச் சொல்லுகிறது. தஞ்சை மண்ணில் திருவிடைமருதூர் சகாராம ராவ் கைக்குக் கீர்த்தி தந்த கோட்டு வாத்தியமும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. செம்மங்குடி ஸ்ரீநிவாசய்யர் அவரிடம் பயின்றவர். பிறகு நாராயண ஐயங்காரும், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும், மன்னார்குடி சாவித்திரி அம்மாளும் அதைக் கச்சேரி மேடையில் நிலைநாட்டினார்கள். நாராயண ஐயங்காரின் பேரர் ரவிகிரண் காலத்தில் அதற்குச் சித்திரவீணை என்ற பெயரே பெருவழக்காகிவிட்டது.

நிற்க. பெரியவருடைய பேத்திக்கு வயது பதினொன்று. பாட்டு வகுப்பில் கீதம், வர்ணம் வரை வந்தவள். ஒருநாள் அவளாகவே பெட்டியைத் திறந்து கிடாரை மடியில் வைத்துக்கொண்டாள். பெரியவருக்கு உண்டான ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. பையிலிருந்த உருளையை எடுத்து, திருமாங்கல்யம் எடுத்துக் கொடுக்கிற மாதிரி அவள் கையில் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழிந்தது. பெண்ணுக்குக் கை வலி. "சார், இது ரொம்பக் கனமா இருக்கு" என்று நம்மிடம் வந்து சொன்னாள். அந்த நேரத்தில் நாம் என்ன செய்திருக்க வேண்டும்? உருளையை வாங்கி ஒரு தரம் கையில் நிறுத்துப் பார்த்திருக்க வேண்டும். செய்தோமா? இல்லை. எங்கேயோ படித்தது ஞாபகம் வந்தது: உருளை கனமாயிருந்தால் நாதம் நீடித்து நிற்கும். "கனத்தில்தான் அம்மா நாதம் இருக்கிறது. பழகினால் கை தானே ஒத்துக்கொள்ளும்" என்று உபதேசம் செய்து அனுப்பினோம். பெரியவருக்கு அது வேதவாக்காகப் போயிற்று. "மாஸ்டாரே சொல்லிட்டாரு" என்று தினம் ஒரு மணியை இரண்டு மணியாக்கினார். மூன்றாம் வாரம் மணிக்கட்டு வீங்கியது. வைத்தியர் கட்டுப் போட்டு, ஒரு மாதம் வாத்தியத்தைத் தொடக்கூடாது என்றார். பெண், "இனிமேல் எனக்குக் கிடாரே வேண்டாம் தாத்தா" என்று சொல்லிவிட்டாள். அன்று மாலை பெரியவர் நம் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பை மறுபடியும் தொங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் நாம் படிக்க வேண்டியதைப் படித்தோம். உருளையை இரவல் வாங்கிக்கொண்டு போய் ஒரு நகைக்கடைத் தராசில் வைத்தோம். 240 கிராம் சொச்சம். குறுக்களவு அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு. நீளம் மூன்றேகால் அங்குலம். ஹவாய்க் கிடார் வாசிக்கும் பெரியவர்களுக்கு இது நடுத்தர அளவே. பத்துத் தந்திகளும் கால்மிதிகளும் உள்ள அமெரிக்கப் பெருவாத்தியத்துக்கு ஓர் அங்குலக் குறுக்களவும் முந்நூறு கிராமுக்கு மேல் எடையுமாக உருளைகள் உண்டு. முக்கால் அங்குலக் குறுக்களவில், மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில், 160 கிராம் அளவில் இருப்பவையும் உண்டு. நடுவே எத்தனையோ படிகள். இத்தனை அளவுகள் எதற்காக ஏற்பட்டன என்று யோசித்தால்தான் உருளையின் உத்தியோகம் இன்னதென்று விளங்குகிறது.

உருளைக்கு முதல் வேலை, தந்தியை ஓரிடத்தில் உறுதியாக நிறுத்துவது. அதற்கப்பால் அதிர்வு போகக்கூடாது. உருளை லேசாக இருந்தால் தந்தியின் அதிர்வு உருளையையே ஆட்டிவிடும்; நாதம் சீக்கிரம் வடிந்து போகும். அதை ஈடு செய்ய வாசிப்பவர் கையால் அழுத்துவார். அழுத்தினால் தந்தி தொய்ந்து இழுபடும், சுருதி ஏறும், சில வேளை கீழேயுள்ள மெட்டில் தட்டி 'டக்'கென்று சத்தம் போடும். கனமான உருளைக்கு அழுத்தம் வேண்டாம். தன் எடையாலேயே உட்கார்ந்துகொள்ளும். கை அதை நடத்திக்கொண்டு போனால் போதும். கனத்தில் நாதம் இருக்கிறது என்று நாம் சொன்னது அந்த அளவுக்கு மெய்தான். பாதி மெய் முழுப் பொய்யைக் காட்டிலும் அதிகக் கெடுதல் செய்யும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாமே பாதி மெய்யோடு நின்றுவிட்டோம்.

மற்ற பாதி என்னவென்றால், உருளை சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. ஓட வேண்டும், ஆட வேண்டும். ஹவாய்த் தீவில் இந்த முறையைப் பரப்பிய ஜோசப் கெகுகு என்பவர் (1874-ல் பிறந்தவர்) சிறுவனாக ரயில் தண்டவாளத்தின் ஓரமாக நடந்தபோது கிடைத்த இரும்பு மரை ஆணியைத் தந்தியில் வைத்துப் பார்த்தார் என்றும், பிறகு பள்ளிக்கூடப் பட்டறையில் எஃகுத் துண்டைக் கடைந்துகொண்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அவருடைய நாட்டுப் பாட்டு நிதானமானது. நீண்ட சுவரங்களும், மூன்று நான்கு தந்திகள் சேர்ந்தொலிக்கும் இசைவுகளும், ஓரத்தில் மெல்லிய நடுக்கமும் அதன் லட்சணம். 1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரும் பொருட்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதையும் அந்த மோகம் பிடித்தது. நம் தேசத்துக்கு வந்தவர்களில் முக்கியமானவர் டாவ் மோ. 1940-களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தும் கற்பித்தும் வந்தார். வங்காளிகள் அதில் ரவீந்திரர் பாட்டுக்களை வாசிக்கத் தொடங்கினார்கள். அவையும் நீளமாக இழைபவை. எனவே நம் பெரியவருடைய உருளை, அவர் கரக்பூரில் வாசித்த பாட்டுக்கும் அவருடைய முரட்டுக் கைக்கும் சரியான உருளையே. குற்றம் அதன்மேல் இல்லை.

இப்பொழுது மாயாமாளவகௌளைக்கு வருவோம். கமகம் என்பது உருளையின் பாஷையில் ஓர் ஊசலாட்டம். ஒரு சுவரத்தை நடுவாக வைத்து உருளை முன்னும் பின்னும் போய்வர வேண்டும். இரு பக்கமும் ஒவ்வொரு சென்டிமீட்டர், விநாடிக்கு ஐந்து தடவை என்று கணக்குப் போட்டால், ஒவ்வொரு கோடியிலும் அதைத் திருப்பக் கை கொடுக்க வேண்டிய விசை ஏறக்குறைய உருளையின் எடைக்கே சமமாகிறது. அதாவது 240 கிராம் உருளையை விநாடிக்குப் பத்து முறை, வலப்புறமும் இடப்புறமும் மாறி மாறித் தூக்கி நிறுத்துவது போல. வேகத்தை இரட்டித்தால் விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. விளம்ப காலத்தில் தாங்கும் கை துரித காலத்தில் ஏன் தவிக்கிறது என்பதற்கு இதைக் காட்டிலும் விளக்கம் வேண்டாம். வகுப்பில் வருஷந்தோறும் இந்த வாய்ப்பாட்டைக் கரும்பலகையில் எழுதுகிறோம்! எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து, பதினொரு வயதுப் பெண்ணிடம் "பழகினால் சரியாகும்" என்கிறோம்.

நம் கோட்டு வாத்திய வித்வான்கள் இந்த வாய்ப்பாட்டை எழுதிப் பார்க்காமலே அறிந்திருந்தார்கள். அவர்கள் கையாண்டது பெரும்பாலும் கருங்காலிக் கட்டை. காட்டெருமைக் கொம்பும் உண்டு. பெரியவருடைய உருளையின் அளவிலேயே ஒரு கருங்காலிக் கட்டையைக் கடைந்தால் எடை 35 கிராம் அளவில்தான் இருக்கும். கண்ணாடியானால் 75-க்கு மேல். ரவிகிரண் கையாளும் டெஃப்லான் என்னும் செயற்கைப் பொருளில் 70-க்குச் சற்றுக் குறையும். இது வழவழப்பானது, தந்தியில் உராயும் சத்தமும் குறைவு. கட்டை லேசாக இருப்பதால் இழக்கும் நாதத்தை வேறு வழியில் ஈடு செய்கிறார்கள்: நீண்ட தண்டி, அகன்ற குடம், அடியில் தாமே அனுசுரமாக ஒலிக்கும் தந்திகள். வடக்கே விசித்திர வீணைக்காரர்கள் கனமான கண்ணாடி முட்டையை வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய ஆலாபனையின் நடை வேறு. ஜோத்பூரில் பிறந்த பிரிஜ் பூஷண் காப்ராவும், அவருக்குப் பின் விச்வ மோகன் பட்டும் எஃகை விடாமலே ஹிந்துஸ்தானி சங்கீதத்தைக் கிடாரில் ஏற்றினார்கள். ஆளுக்கு ஒரு கனம் என்பது மட்டுமல்ல, பாணிக்கு ஒரு கனம் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. இவர்களில் ஒருவர் கட்டையை மற்றவர் கையில் கொடுத்தால் இருவருக்குமே அவஸ்தைதான்.

கருங்காலி என்றதும் நாம் நேரே மலையடிவாரத்துக் கடைத்தெருவுக்குப் போனோம். இப்பொழுது எங்கே பார்த்தாலும் கருங்காலி மாலை. கழுத்தில் அது இல்லாத வாலிபனைக் காண்பது அரிது. இவ்வளவு மணி விற்கிற ஊரில் ஒரு கட்டையா கிடைக்காது என்ற நினைப்பு. ஒரு கடையில் நாலு மணியை வாங்கிவந்து டம்ளர் தண்ணீரில் போட்டோம். வைரம் பாய்ந்த கருங்காலி பெரும்பாலும் நீரில் அமிழும். இவை நாலும் உல்லாசமாக மிதந்தன. தண்ணீர் மட்டும் கறுப்பாயிற்று. பிறகு ஒரு தச்சரிடம் பழைய மரத்துண்டு ஒன்று கிடைத்தது; கடைந்தும் பார்த்தோம். பெரியவருடைய கிடாரின் மெல்லிய தந்தியில் அது மந்தமாக ஒலித்தது. பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். அவர் அப்படிச் செய்தது நியாயமே. சித்திரவீணையின் கட்டையைத் தனியே பிய்த்துக்கொண்டு வந்தால் அதன் குடமும் தண்டியும் கூடவா வரும்?

ஆகவே மறுபடியும் எஃகுக்கே வந்தோம். ஆனால் பெண்ணின் கையை அளந்துகொண்டு வந்தோம். நீளத்துக்குக் கணக்குத் தந்திகளிடம் இருக்கிறது. ஆறு தந்திகளின் அகலம் இந்தக் கிடாரில் ஐந்தரை சென்டிமீட்டருக்குள் அடங்கும். உருளை அதைத் தாண்டி ஒரு விரற்கடை நீண்டால் போதும். அதற்கு மேல் நீண்டால், ஒற்றைத் தந்தியில் ராகம் வாசிக்கும்போது வேண்டாத தந்திகளைத் தொட்டு முனகச் செய்யும். நம் சங்கீதத்துக்கு ஒற்றைத் தந்தியே பிரதானமாதலால், முனை துப்பாக்கிக் குண்டு போல் உருண்டிருப்பது அவசியம். உருளையைச் சற்றே சாய்த்து முனையால் மட்டும் தொடலாம். பருமனுக்குக் கணக்கு விரல்களிடம் இருக்கிறது. கட்டைவிரலும் நடுவிரலும் பக்கங்களைப் பிடிக்க, ஆள்காட்டி விரல் முதுகின்மேல் படிய, மோதிர விரலும் சுண்டு விரலும் பின்னால் தந்திகளைத் தடவிக்கொண்டே வரவேண்டும். அவ்விரண்டும் வராவிட்டால் உருளைக்குப் பின்னுள்ள தந்தித் துண்டு கிறீச்சிடும். பருமன் அதிகமானால் சிறு கை அதைச் சுற்றிக்கொள்வதற்கே ஐந்து விரலையும் செலவழித்துவிடும். தடவிக்கொண்டு வர விரல் மிஞ்சாது. இந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது சரியாக இதுவே. கிறீச்சொலி வந்தது, அதை அடக்க இறுகப் பிடித்தாள், இறுகப் பிடித்ததால் மணிக்கட்டு இறுகியது. வலி கனத்தால் மட்டும் வரவில்லை.

இன்னொன்றும் கவனித்தோம். உருளை தந்தியைத் தொடுவது அடியில் ஒரே ஒரு கோட்டில். பருமனான உருளையில் அந்தக் கோடு கண்ணுக்கு மறைந்திருக்கும். உட்கார்ந்த உயரம் குறைந்த குழந்தை பக்கவாட்டில் பார்த்து, உருளையின் விளிம்பை மெட்டுக்கு நேராக வைத்தால் சுருதி பிசகும். பெண்ணுக்கு ரிஷபம் ஓயாமல் விலகியதற்கு ஞானக் குறைவு காரணம் என்று நாம் நினைத்திருந்தோம். ஒரு தலையணையைப் போட்டு உயர்த்தி உட்கார வைத்ததும் பாதி குறை தீர்ந்தது.

அரக்கோணம் ரஸ்தாவில் ஒரு கடைசல் பட்டறை. மோட்டார் பம்புக்குப் புஷ் கடைந்து கொடுக்கிறவர். அவரிடம் 20 மில்லிமீட்டர் எவர்சில்வர் கம்பியில் ஏழு சென்டிமீட்டர் வெட்டி, ஒரு முனையை உருட்டி, மறு முனையில் கட்டைவிரல் பதியக் குழித்து, உள்ளே மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளையிடச் சொன்னோம். சாதாரண இரும்பானால் வேர்வையில் துருப்பிடிக்கும்; துருப்பிடித்த உருளை தந்தியை அரம் போல் அறுக்கும். கண்ணாடி போல் மெருகு வேண்டும் என்றதும், "இது எந்த மெஷினுக்கு சார்?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னோம். மூன்று தரம் மெருகேற்றிக் கொடுத்தார். எடை 150 கிராமுக்கு ஓரிரு கிராம் குறைவு.

பெரியவரிடம் இதைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் கடினமான காரியமாக இருந்தது. அவர் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "பொம்மை" என்றார். பிறகு மெதுவாக, "நாற்பது வருஷம் என் பையிலே இருந்ததை அவளுக்குக் கொடுத்தேன். அது ஆகாதுன்னு நீங்க சொல்றீங்க, மாஸ்டாரு" என்றார். வாய்ப்பாட்டையெல்லாம் தொண்டை வரை கொண்டுபோன நாம் அப்படியே விழுங்கிவிட்டோம். தவறு நம்முடையது, கனத்தைச் சுமக்கச் சொன்னது நாம்தான் என்று மட்டும் சொன்னோம். அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே பார்த்து, "அம்மா, இங்கே வா" என்று பேத்தியைக் கூப்பிட்டார்.

கட்டு அவிழ்த்துப் பத்து நாள் ஆகியிருந்தது. பெண் வேண்டா வெறுப்பாக உட்கார்ந்தாள். கால் மணி நேரம் சரளி வரிசை. இரண்டாங் காலம் வந்ததும் நிமிர்ந்து தாத்தாவைப் பார்த்தாள். மூன்றாங் காலத்துக்குத் தானே போனாள். பெரியவர் தாளம் போட்டுக்கொண்டிருந்தார் என்பதை அவரே கவனித்ததாகத் தெரியவில்லை. முடிந்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: "சத்தம் கொஞ்சம் சின்னதா இருக்கு." வாஸ்தவம். பெரிய உருளையில் நின்ற ஷட்ஜத்தின் கம்பீரம் இதில் இல்லை. அந்த நஷ்டத்தை மறைப்பானேன்?

டிசம்பர் 31-ஆம் தேதி இரவு படித் திருவிழா. முந்நூற்று அறுபத்தைந்து படிகளிலும் கற்பூரமும் பஜனையுமாக ஜனங்கள் ஏறிக்கொண்டிருக்க, ஒரு மண்டபத்து ஓரத்தில் பெண் தீக்ஷிதரின் அந்த முதல் கீர்த்தனத்தை வாசித்தாள். மேளமும் அரோகராவும் பாதியை விழுங்கிவிட்டன. சரணத்தில் ஓரிடம் வழுக்கிற்று. ஆனால் பாட்டுக்கு முன் ராகத்தைச் சிறிது இழைத்தாளே, அப்போது அவள் கையிலிருந்தது பழைய உருளை. நிதானமான இடத்துக்கு அது, ஓட்டத்துக்கு இது என்று அவளாகவே வகுத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு நிமிஷத்துக்குமேல் பெரியதைத் தொடக்கூடாது என்பது மட்டும் வைத்தியர் கட்டளை. இழைத்து முடித்ததும் தாத்தாவிடம் நீட்டினாள். அவர் துணியால் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

கடைசல்காரர் கூலி வாங்க மறுத்துவிட்டார். நாம் அளவு எழுதிக் கொடுத்த காகிதத்தைத் திருப்பிக் கேட்டபோது, அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருப்பதாகச் சொன்னார். சென்ற வாரம் புத்தூரிலிருந்து யாரோ ஒருவர் வந்து, அதே மாதிரி ஒன்று, ஆனால் கொஞ்சம் கனமாக வேண்டும் என்று கேட்டாராம். "ஆளைக் கூட்டிக்கிட்டு வாங்க, கையைப் பார்க்கணும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.